பொய்யாக் கத்தின ஊசி

என் மருமகளுக்கு ஒரு கண்ணுதான். முதல்லயே சொல்லிடறேன். "பார்வை கொஞ்சம் கம்மி", "கண்ணுல சின்னதா ஏதோ"ன்னு இழுத்து இழுத்துப் பேசறவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வலது கண்ணு போச்சு, இடது கண்ணு இருக்கு, அவ்வளவுதான். அந்த ஒரு கண்ணால அவ பாக்கிறதை, ரெண்டு கண்ணையும் முழுசா வச்சிருக்கிற என் மகன் ஒரு நாளும் பாத்ததில்ல. மூக்குக்கு முன்னாடி இருக்கிற சீப்பைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுவான். அவன் எப்படி லாரி ஓட்டறான்னு என்னைக் கேக்காதீங்க. மாசத்துல இருபது நாள் ரோட்டுலதான் கிடக்கிறான், இதுவரைக்கும் யாரையும் இடிக்கல, அது போதும்.

அதனால மூணாவது மாடியில இருக்கிற இந்த ரெண்டு ரூம்ல நானும் அவளும்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து பதினாலு வருஷம் ஆச்சு. இவளுக்குப் புள்ள இல்ல. வேணும்னு நான் பட்டினி கிடந்ததுமில்ல, இவளைக் குத்திக் காட்டினதுமில்ல. வேற விஷயத்துக்கு நெறையக் குத்திக் காட்டியிருக்கேன், அதை மறைக்கல.

அவ வேலை பாக்கிறது லிஃப்ட் ரிப்பேர் பட்டறையில. முழு லிஃப்டும் அங்க வராது. லிஃப்டுக்குள்ள இருக்கிற போர்டு மட்டும் வரும். பச்சையா, உள்ளங்கை அகலத்துல, மேல எறும்புப் புத்து மாதிரி சாமான் ஒட்டியிருக்கும். கரண்டு ஓடற கோடு எங்க அறுந்திருக்கு, எது கருகியிருக்குன்னு கண்டுபுடிச்சு, ஈயம் உருக்கி ஒட்டற சால்டர் வச்சு சரி பண்ணணும். பதினோரு வருஷம் ஜன்னலோரமா இருக்கிற அந்த மேஜையில உக்காந்து இதைத்தான் பண்ணினா. பட்டறையில பொம்பளை இவ ஒருத்திதான். ஆம்பளைங்க நாலு பேரு சேந்து முடிக்கிறதை இவ ஒருத்தி முடிச்சுடுவான்னு சூப்பர்வைசரே என்கிட்ட சொல்லியிருக்காரு. நாலு பேருன்னா நாலு பேரு இல்ல, ரெண்டு பேருன்னு வச்சுக்கோங்க. அவரும் நல்ல மனுஷன், கொஞ்சம் ஏத்திச் சொல்லுவாரு.

கண்ணு போனதும் அந்த மேஜையிலதான். சாமானை ஒட்டின பிறகு, கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பிக் காலை வெட்டி விடுவாங்களாம். வெட்டினப்ப ஒரு துண்டு தெறிச்சு நேரா கண்ணுக்குள்ள போயிடுச்சு. அரிசியில பாதி இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு ஆபரேஷன். டாக்டர் கடைசியா, "இருக்கிற கண்ணைப் பத்திரமா வச்சுக்கோங்க"ன்னு சொன்னாரு. இதைச் சொல்ல ஒரு டாக்டரு வேற வேணுமா?

ஒத்தக் கண்ணுக்கு எது கிட்ட, எது தள்ளின்னு தெரியாதாம். எனக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாள் எனக்கு டீ ஊத்தினா. டம்ளருக்கு ரெண்டு விரக்கடை தள்ளி, மேஜை மேல. ஊத்திக்கிட்டே இருக்கா. "அடியே, மேஜைக்கா டீ குடுக்கறே?"ன்னேன். அப்புறம்தான் புரிஞ்சு என் வாயை நானே அடிச்சுக்கணும் போல ஆயிடுச்சு. அவ சிரிச்சா. சிரிச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போய் ரொம்ப நேரம் தண்ணியைத் திறந்து விட்டிருந்தா.

பட்டறையில சம்பளம் குறைக்காம வச்சுக்கிட்டாங்க. ஆனா மேஜையில இல்ல, பேக்கிங்ல. சரி பண்ணின போர்டை நுரைத்தாள்ல சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, டேப் ஒட்டணும். மத்தவங்களா இருந்தா நிம்மதியான வேலைன்னு நெனச்சிருப்பாங்க. இவ வீட்டுக்கு வந்து சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பா. "இன்னைக்கு அறுபது பெட்டிக்கு டேப் ஒட்டினேன் அத்தை"ன்னு, யாரோ செத்த சேதி மாதிரி சொல்லுவா. அவ மேஜையில இப்ப உக்காந்திருந்தது நெட்டையன்னு ஒருத்தன். கொக்கு மாதிரி கழுத்து. போகும்போதும் வரும்போதும், "டேப்பு தீந்துடுச்சா டப்பாக்காரி, இன்னொரு உருளை தரவா?"ன்னு கேப்பானாம்.

மேஜைக்குத் திரும்பிப் போகணும். அவளுக்கு வேணும்னது அது ஒண்ணுதான். அதுக்குத் தடையா இருந்தது சால்டர் இல்ல. சால்டர் மொனை தொட்டா பொகை வரும், தொட்டது தெரிஞ்சுடும். மீட்டர்தான் தடை, கோட்டுல கரண்டு ஓடுதா இல்லையான்னு காட்டற பெட்டி. ஒரு கையில ஒரு கம்பி, இன்னொரு கையில இன்னொண்ணு, ரெண்டையும் போர்டுல ரெண்டு புள்ளியில வச்சுக்கிட்டு, தலையைத் திருப்பி மீட்டர்ல என்ன காட்டுதுன்னு பாக்கணும். திருப்பின அந்த நொடியில கம்பி வழுக்கும். ரெண்டு கண்ணு இருக்கிறவன் திரும்பி வந்து புள்ளியைப் பிடிச்சுடுவான். இவ மறுபடி தேடணும், தடவணும், மறுபடி வழுக்கும். அப்படி ஒரு தடவை பக்கத்துப் புள்ளியில பட்டு ஒரு போர்டே பொசுங்கிடுச்சு. அதோட எழுப்பி பேக்கிங்குக்கு அனுப்பிட்டாங்க.

"தலையைத் திருப்பாம இருக்கணும் அத்தை. அது என் காதுல வந்து சொல்லணும்"னா ஒரு நாள். கோடு முழுசா இருந்தா கீச்னு கத்தணும், லேசா பழுதா இருந்தா கம்மின குரல்ல முனகணும், அறுந்திருந்தா வாயே திறக்கக் கூடாது. ஊசி மொனையிலயே ஒரு விளக்கு எரியணும். எல்லாம் ஒரே கைப்பிடிக்குள்ள. கடையில விக்கிறதை வாங்கிப் பாத்தா, அதோட மொனையே வெண்டைக்காய் தடிமனுக்கு இருந்துச்சு, வெளிச்சமும் இல்ல. அதனால அவளே செய்ய உக்காந்தா.

அன்னைலேர்ந்து இந்த வீட்டுல ஒரு டப்பாவும் பத்திரமா இருந்ததில்ல.

உள்ள இருக்கிற சாமானை அவ ஒரு வாரத்துல பண்ணிட்டா. விரல் நகம் அளவு போர்டு, பொத்தான் பேட்டரி ரெண்டு, கத்தறதுக்கு ஒரு சின்ன வில்லை. ஊசிக்குத் தையல் மெஷின் ஊசி. ஊசி பூராவும் ரப்பர் உறை மாட்டி, மொனையில எள்ளளவு மட்டும் திறந்து விட்டா. பக்கத்துப் புள்ளியில உரசினாலும் ஒண்ணும் ஆகாது. பின்னாடி ஒரு வயரு, வயரு நுனியில க்ளிப்பு. க்ளிப்பை ஒரு பக்கம் கடிக்க விட்டுட்டு ஊசியால மறுபக்கம் தொட்டா போதும், ஒரு கை சும்மா இருக்கும். அருமையா இருந்துச்சு. ஆனா இத்தனையையும் எதுக்குள்ள வைக்கிறது?

மார்க்கர் பேனாவைக் குடைஞ்சு பாத்தா, பேட்டரி உள்ள போகல. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷோட பயணப் பெட்டி, அது கையில வழுக்கிச்சு, மூடியும் உடைஞ்சுது. காய்ச்சல் பாக்கிற குச்சியோட உறை. என் மகன் ஷேவிங் பிரஷ் கைப்பிடி. அவன் வந்து மயிரை மட்டும் கையில வச்சுக்கிட்டு நின்னான் பாருங்க, "அம்மா, இது என்ன அநியாயம்"னு. ஒரு காலையில என் பல்செட்டு டம்ளர்ல மிதக்குது. அது படுக்கிற டப்பாவைக் காணோம்.

"என் பல்லுப் பெட்டி எங்கடி?"

"ஒரே ஒரு நாள் அத்தை. அந்த வளைவு கைக்கு எப்படிப் பொருந்துதுன்னு பாத்தேன்."

"அது என் வாய்க்குப் பொருந்தறதுக்கு செஞ்ச வளைவு."

"ரெண்டு ஓட்டைதான் போட்டிருக்கேன். தண்ணி வடியறதுக்கு நல்லது."

சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அவளைத் திட்டறது கஷ்டம். திட்டினா ஒத்துக்கிட்டு, ஒத்துக்கிட்டே அடுத்த டப்பாவை எடுத்துடுவா.

கடைசியில லிப்ஸ்டிக் குழாய்ல வந்து நின்னுச்சு. தடிமனான பழைய காலத்து உலோகக் குழாய், அவ கல்யாணத்துக்கு யாரோ குடுத்தது. கையில கனமா, ஜில்லுனு இருந்துச்சு. அந்தக் கனத்துக்குக் கை ஆடல. உள்ள சுத்தி டேப் ஒட்டி, சாமானை இறக்கி மூடினா, தங்க நிறத்துல நகை மாதிரி இருந்துச்சு. பேட்டரியோட ஒரு முனை அந்தக் குழாய்லயே உக்காந்துக்கும், டார்ச் லைட்ல இருக்கிற மாதிரி. அதனால உள்ள ஒரு வயரு மிச்சம்னு அவளுக்குப் பெருமை. எனக்கு அப்ப அது ஒண்ணும் புரியல. பின்னாடி நல்லாவே புரிஞ்சுது.

அதை எடுத்துட்டுப் போய் சூப்பர்வைசர்கிட்ட நின்னா. அவர் திருப்பித் திருப்பிப் பாத்து, "என்னம்மா இது, பூசிக்கிறதா, பாக்கிறதா?"ன்னு கேட்டாரு. ரெண்டு போர்டு குடுத்தாரு. அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டுலயும் எங்க அறுந்திருக்குன்னு சொல்லிட்டா. அவர் முதலாளிகிட்ட பேசினாரு. முதலாளி பதினஞ்சு நாள் குடுத்தாரு. பதினஞ்சு நாள் ஒரு தப்பும் இல்லாமப் பாத்தா மேஜை அவளுக்கு. தப்பு வந்தா பேக்கிங். குடுத்த போர்டெல்லாம் ஒரே ரகம், லிஃப்டுக்குள்ள மணி பொத்தான் இருக்கே, யாராவது மாட்டிக்கிட்டா அமுக்குறது, அதோட போர்டு. ஒண்ணும் பெரிசா இல்லாத வேலைன்னு நெனச்சுத்தான் அதைக் குடுத்தாங்க.

ஒரு வாரத்துல ஏழு போர்டு முடிச்சா. அதுல நாலு போர்டு, லிஃப்டுல மாட்டற எடத்துக்கு வண்டியேறிப் போயிடுச்சு. மூணு அலமாரியில. அந்த வாரம் பூரா வீட்டுல பாட்டுதான். குரல் கேக்கிற மாதிரி இருக்காது, ஆனா பாடட்டும்னு விட்டேன்.

அப்புறம் லீவு நாள் வந்துச்சு. காலையில அவ துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தா. நான் மேஜையைத் தொடைக்கிறேன். அந்தத் தங்கக் குழாய் கிடந்துச்சு. ஊசி குத்திடப் போகுதேன்னு நல்லா இறுக்கிப் பிடிச்சுத் தூக்கினேன். கீச்னு கத்துச்சு. கையைத் தளத்தினேன், நின்னுச்சு. இறுக்கினேன், கத்துச்சு. ஊசி காத்துல நிக்குது. க்ளிப்பு மேஜைக்குக் கீழ தொங்குது. ரெண்டும் ஒண்ணையும் தொடல.

அவ வாளியோட வந்ததும், "ஏன்டி, இது கையில இறுக்கிப் பிடிச்சா கத்துமா?"ன்னேன்.

"வயரு எங்கயாவது பட்டிருக்கும் அத்தை."

"என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எங்கயும் படல. நீயே பாரு."

அவ வாங்கி, லேசாப் பிடிச்சா. ஒண்ணுமில்ல. "பாத்தீங்களா"ன்னா. "பூவைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதே, இறுக்கு"ன்னேன். இறுக்கினா. கத்துச்சு.

வாளியை வைக்கக்கூட இல்ல. அப்படியே நின்னா. அப்புறம் உக்காந்து குழாயைக் கழட்டினா. உள்ள வெட்டி விட்ட ஒரு கம்பிக் கால், ஊசி மாதிரி கூரா, டேப்பைக் கிழிச்சுக்கிட்டு எட்டிப் பாத்துச்சு. இறுக்கினா அது குழாயைத் தொடும். குழாய்ல பேட்டரி உக்காந்திருக்கு. தொட்டதும், ஊசியும் க்ளிப்பும் சேந்துட்ட மாதிரி கத்திடும்.

"சரி, கத்தினா என்ன? அதை நீ கவனிச்சிருக்க மாட்டியா?"ன்னு கேட்டேன்.

அவ சொன்னது இதுதான். போர்டு மேல வார்னிஷ் பூசியிருக்கும். ஊசி அதைத் தாண்டி உள்ள எறங்கணும். தொட்டதும் கத்தலேன்னா, வார்னிஷ் தடுக்குதுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் அழுத்துவாங்களாம். எல்லாரும் பண்றதுதான். அழுத்தினதும் கத்தினா, ஆச்சு, கோடு நல்லாருக்குன்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. நல்லாருக்கிற கோடு லேசாத் தொட்டாலே கத்திடும். கத்தாதது அறுந்தது. அறுந்ததைத்தான் அழுத்துவா. அழுத்தும்போது கை குழாயை இறுக்கும், அந்தச் சாமான் பொய் சொல்லும். அதாவது, எது கெட்டுப்போயிருக்கோ அதைத் தேடிப் பிடிச்சு நல்லதுன்னு சொல்லியிருக்கு.

"எத்தனை எடத்துல அழுத்தினே?"

கண்ணை மூடிக்கிட்டா. விரலால காத்துல ஏதோ வரைஞ்சா. "மூணு போர்டுல. ரெண்டாவது, அஞ்சாவது, ஏழாவது. ரெண்டும் அஞ்சும் வெளிய மாட்டறதுக்குப் போயிடுச்சு. ஏழு அலமாரியில."

"மாட்டற எடத்துல பாக்க மாட்டாங்களா?"

"லிஃப்ட் மேல போகுதா, கீழ வருதான்னு பாப்பாங்க. மணியை எவன் அத்தை அமுக்கிப் பாக்கிறான்? உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டு அமுக்கினாத்தான் தெரியும்."

இப்ப நான் என்ன சொன்னேன்னு சொல்றேன். வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன். "நாளைக்குப் போய் அலமாரியில இருக்கிறதை நீயே சத்தமில்லாம சரி பண்ணிடு. மத்த ரெண்டை மெதுவா ஏதாவது சாக்கு சொல்லி வரவழைச்சுக்கலாம். இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. இப்ப போய்ச் சொன்னா, சாகற வரைக்கும் டேப் ஒட்டிக்கிட்டு கிடப்பே"ன்னேன். அவ அந்த ஒரு கண்ணால என்னைப் பாத்தா. கோவம்கூட இல்ல. அது இருந்திருந்தா பரவாயில்ல.

"மாட்டிக்கிறது நீங்களா இருந்தா?"ன்னா. போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டுட்டா. ஒரு வார்த்தைகூடப் பூசி மெழுகல. "சார், நான் செஞ்ச சாமான்ல தப்பு இருக்கு. ரெண்டு போர்டு வெளிய போயிருக்கு. இன்னைக்கே பாக்கணும்."

அவர் ஸ்கூட்டர்ல வந்தாரு, லீவு நாள்னு சட்டையை வெளிய விட்டுக்கிட்டு. ஸ்கூட்டரை எங்க வாசல்லயே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சாரு. நானும் கிளம்பினேன். "நீங்க எதுக்கு அத்தை?"ன்னா. "நாந்தானே கண்டுபுடிச்சேன்"னு சொல்லி ஆட்டோவுல ஏறிட்டேன். உண்மையில, வீட்டுல தனியா உக்காந்திருக்க முடியல.

முதல்ல ஒரு அடுக்குமாடி வீடு. ரெண்டு லிஃப்ட். அவ சொன்ன ரெண்டும் ஒருபக்கம் இருக்கட்டும், நாலையும் பாத்துடுவோம்னு சொல்லிட்டாரு சூப்பர்வைசர். அதுவும் சரிதான், பொய் சொல்ற சாமான் எங்க நிறுத்தும்னு யாருக்குத் தெரியும். இடது பக்க லிஃப்டுக்குள்ள நான்தான் போய் நின்னேன். மணியை அமுக்கினேன். வாட்ச்மேன் கூண்டுல காது கிழியற மாதிரி அடிச்சுது. மாடியிலேர்ந்து ஒருத்தி எட்டிப் பாத்து, "யாரு மாட்டிக்கிட்டது?"ன்னு கத்தினா. "யாரும் இல்ல, கதவைச் சாத்திக்கோ"ன்னு நானும் கத்தினேன்.

வலது பக்கம். அமுக்கினேன். ஒண்ணுமில்ல. மறுபடி அமுக்கினேன். கட்டை விரல் நோகற அளவுக்கு அழுத்தி அமுக்கினேன். ஒரு சத்தம் இல்ல. அந்த இரும்புப் பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டு, கதவு திறந்துதான் இருக்கு, வாட்ச்மேன் எதுக்க நிக்கிறான், இருந்தும் எனக்கு மூச்சு முட்டிச்சு. வெளிய வந்து அவளைப் பாத்தேன். "இது அஞ்சாவது"ன்னு மட்டும் சொன்னா.

சூப்பர்வைசர் லிஃப்டை நிறுத்தி, போர்டைக் கழட்டிப் பையில போட்டாரு. அடுத்த எடம் ஒரு ஆபீஸ் கட்டடம், அங்கயும் ரெண்டு. ஒண்ணு அடிச்சுது. இன்னொண்ணு, அவ ரெண்டாவதுன்னு சொன்னது, ஊமை. திரும்பி வந்து எங்க வாசல்ல ஸ்கூட்டரை எடுக்கும்போது, "நாளைக்கு சீக்கிரம் வந்துடும்மா. முதலாளிகிட்ட நான் முதல்ல சொல்லிடறேன்"னாரு. அவ, "வேணாம் சார், நானே சொல்றேன்"னா.

மறுநாள் பட்டறையில நடந்ததை அவளும் சொன்னா, பின்னாடி சூப்பர்வைசரும் சொன்னாரு. ரெண்டு பேரு சொன்னதும் ஒண்ணுதான், அதனால நம்பலாம். அலமாரியில இருந்த மூணையும் மீட்டரை வச்சுப் பாத்தாங்க. ஏழாவது போச்சு, மத்த ரெண்டும் சுத்தம். இவ முதலாளி மேஜை மேல அந்தக் குழாயைக் கழட்டி வச்சு, கூரா நீட்டிக்கிட்டு இருந்த காலைக் காட்டினா.

முதலாளி அதைக் கையில எடுத்துப் பாத்தாராம். "ஏம்மா, உதட்டுக்குப் பூசற டப்பாவுல செஞ்சதை வச்சு என் போர்டைப் பாத்திருக்கே. ஒருத்தன் மாட்டியிருந்தான்னா?"

"அதனாலதான் சார் நேத்தே சொன்னேன்."

"சொல்லிட்டா தப்பு இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது சார்."

நெட்டையன் கதவுகிட்டயே நின்னுக்கிட்டு, "நான் அப்பவே நெனச்சேன் சார், இந்த வெளாட்டுச் சாமானெல்லாம்"னு ஆரம்பிச்சானாம்.

சூப்பர்வைசர் திரும்பி, "ஏழு போர்டுல எந்த மூணுன்னு பாக்காமலே வாயால சொன்னா. ஒவ்வொண்ணுலயும் எந்தக் கோடுன்னும் சொன்னா. மூணும் அப்படியே இருந்துச்சு. நீ போன வாரம் பாத்த போர்டு ஒண்ணுல எங்க கை வச்சேன்னு சொல்லு, கேப்போம்"னாரு. கொக்கு கழுத்தை உள்ள இழுத்துக்கிச்சு.

முதலாளி முடிவாச் சொன்னாரு. இன்னைலேர்ந்து பேக்கிங். வேணும்னா மறுபடி செஞ்சு கொண்டா. சூப்பர்வைசர் அவர் கையால நசுக்கிப் பாத்து சரின்னா மேஜை. அதுலயும் ஏதாவது வந்தா, அதோட முடிஞ்சுது, மேஜைன்னு வாயே திறக்கக் கூடாது.

அன்னைக்கு வந்தவ நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருக்கா. ஊசி போடற சிரிஞ்சு, பெரிசுல நாலு. கடைக்காரர், "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டதுக்கு, "எனக்குத்தான், தலையில"ன்னாளாம்.

"இனிமே உலோகம் வேணாம் அத்தை. உள்ள என்ன நடக்குதுன்னு வெளியிலேர்ந்தே தெரியணும்"னா. சிரிஞ்சு கண்ணாடி மாதிரி தெரியும். பின்னாடி ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அதுல ரெண்டு விரல் உக்காந்துக்கும். மொனையில ஊசி நிக்க ஓட்டை தானாவே இருக்கு. இத்தனை நாள் வீட்டை உருட்டினவளுக்கு இது தோணலையேன்னு அவளுக்கே வெக்கம். ஆனா முதல் சிரிஞ்சு, பசையோட சூட்டுல வளைஞ்சு போச்சு. ரெண்டாவதுல பேட்டரி உள்ள போய் சிக்கிக்கிட்டு, மாத்தறதுக்கு வெளிய வரவே மாட்டேன்னுடுச்சு. மூணாவதை அவ அவசரப்படாம செஞ்சா. ஒவ்வொரு கம்பிக் காலையும் வெட்டி, வெட்டினதோட விடாம அரம் வச்சு மழுங்க ராவினா. ஃபைல் மேல போடற பிளாஸ்டிக் தாளை உருட்டி, போர்டு மேல ஒரு சட்டை மாதிரி மாட்டினா. மூணு வாரம் ஆச்சு. பகல்ல அறுபது பெட்டி, சாயங்காலம் இது. நடுவுல ஒரு நாள்கூட "அத்தை, நான் சொல்லாம இருந்திருக்கலாம்"னு அவ வாயிலேர்ந்து வரல. என் மனசுல ரெண்டு தடவை வந்துச்சு. ஏழாவது மாடியில லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நான் மணி அமுக்கிற மாதிரி நெனச்சுப் பாத்துட்டு அடக்கிக்கிட்டேன்.

செஞ்சு முடிச்சதும் என்கிட்ட நீட்டினா. "இறுக்குங்க."

இறுக்கினேன். ரெண்டு கையாலயும் ஈரத் துணியைப் பிழியற மாதிரி முறுக்கினேன். கீழ போட்டேன். சத்தமே இல்ல. "ஊமையா இருக்கே, வேலை செய்யுதா?"ன்னேன். ஊசியை எடுத்து க்ளிப்புல தொட்டா. கீச்.

பட்டறையில சூப்பர்வைசர் என்னைவிட மோசம். இடுக்கியில வச்சுத் திருகினாரு, மேஜையிலேர்ந்து தட்டி விட்டாரு, ஆட்டினாரு. அப்புறம் ஒரு போர்டைக் கொண்டாந்து வச்சாரு. எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்து சுத்தி நின்னுட்டாங்க. நெட்டையன், "டாக்டரம்மா, பாத்து, வலிக்காமக் குத்துங்க"ன்னான். ரெண்டு பேரு சிரிச்சாங்க.

அவ க்ளிப்பை மாட்டினா. ஊசியை வச்சா. கத்தல. கொஞ்சம் அழுத்தினா. கத்தல. இன்னும் அழுத்தினா, ஊசி வளையற மாதிரி ஆயிடுச்சாம். எல்லாரும் அவ மூஞ்சியையே பாக்கிறாங்க. போன தடவை இந்த எடத்துலதான் கத்துச்சு, அவளும் சந்தோஷமா அடுத்ததுக்குப் போனா.

"அறுந்திருக்கு சார்"னா.

"நல்லாப் பாரும்மா. புதுச் சாமான், தொடாம இருக்கும்."

"தொட்டிருக்கு சார். வார்னிஷைத் தாண்டி செம்பு தெரியுது. அறுந்திருக்கு."

சூப்பர்வைசர் நெட்டையனைக் கூப்பிட்டு, "நீ மீட்டரை வை"ன்னாரு. அவன் வச்சான். குனிஞ்சான், நிமிந்தான், மறுபடி வச்சான். "ஆமா சார், போயிடுச்சு"ன்னான். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போனதும், சூப்பர்வைசர்தான் பிளேடை வச்சு அந்தக் கோட்டைக் கீறி, மேல வார்னிஷ் பூசி வச்சிருக்காரு. யாருக்கும் சொல்லல.

மேஜை குடுத்துட்டாங்க. சும்மா இல்ல. ரெண்டு மாசத்துக்கு அவ பாக்கிற ஒவ்வொரு போர்டையும் நெட்டையனும் ஒரு தடவை பாக்கணும். தெனம் காலையில வந்ததும் அந்தச் சிரிஞ்சை சூப்பர்வைசர் முன்னாடி நசுக்கிக் காட்டிட்டுத்தான் உக்காரணும். எனக்குக் கோவம் வந்துச்சு. பதினோரு வருஷம் வேலை பாத்தவளைக் கொக்கு வந்து சரி பாக்கிறதா? "நல்லதுதான் அத்தை. நானும் அவன் பாத்ததைப் பாக்கறேன். இந்த வாரம் அவன் ஒண்ணை விட்டுட்டான்"னா. அதைச் சொல்லும்போது கொஞ்சம் குஷி இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவளும் மனுஷிதானே.

மேஜைக்குத் திரும்பின முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ, பையைக்கூட எறக்கல. "ஒம்பது போர்டு பாத்தேன் அத்தை. அதுல நாலு அறுந்திருந்துச்சு"ன்னா.

அறுந்ததைச் சொல்றதுக்கு ஒரு மனுஷி அத்தனை சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல.